கண்ணுக்கு அளவெடுத்தல்: காண்டாக்ட் லென்ஸ், லேசர், புரை அறுவை பற்றி முதன்முறை செல்வோருக்கு

கம்பத்திலும் குமுளியிலும் கண்ணாடிக் கடைக்கு வரும் இளைஞர்களில் பலர் ஒரே கோரிக்கையோடு வருகிறார்கள். கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டி, "இதே பவரில் லென்ஸ் கொடுங்கள், அடுத்த மாதம் கல்யாணம்" என்கிறார்கள். சீட்டில் எழுதியிருப்பதில் பிழை இல்லை. ஆனால் அது மூக்கின் மேல் நிற்கும் கண்ணாடிக்கு எடுத்த அளவு. காண்டாக்ட் லென்ஸ் கண்ணின் மேலேயே அமர்கிறது, லேசர் சிகிச்சை கண்ணின் முன்பரப்பைச் செதுக்குகிறது, புரை அறுவையில் வைக்கும் லென்ஸ் கண்ணுக்குள் போய் நிலைத்துவிடுகிறது. ஆகவே இம்மூன்றுக்கும் கண்ணையே அளந்தாக வேண்டும். அந்த அளவுகள் எவை, ஒவ்வொன்றையும் ஏன் எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், மருத்துவமனையில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு அனுப்பும்போது வீண் அலைச்சல் என்று தோன்றாது.

தமிழக-கேரள எல்லைப்பகுதியில் இருப்பவர்களுக்குப் பெயர்க் குழப்பம் ஒன்று கூடுதலாக உண்டு. கண்புரையை மலையாளத்தில் திமிரம் என்கிறார்கள். மூக்குக்கண்ணாடிக்கு அங்கே கண்ணட என்று பெயர். கண்ணாடி என்றால் பெரும்பாலும் முகம் பார்ப்பதைக் குறிக்கும். வண்டன்மேட்டில் காட்டி வாங்கிய சீட்டை வைத்துக்கொண்டு தேனி மருத்துவமனையின் வரிசையில் நிற்பவர், தமக்குச் சொல்லப்பட்ட திமிரமும் இங்கே சொல்லும் புரையும் இரண்டு தனி நோய்கள் என்று எண்ணிக் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். தமிழிலும் குழப்பத்துக்குக் குறைவில்லை. கருவிழி என்று மருத்துவ நூல்கள் சொல்வது கண்ணின் முன்னால், கைக்கடிகாரத்தின் மேல்மூடிபோல அமைந்த, நிறமே இல்லாத தெளிந்த படலத்தை. அதன் வழியே தெரியும் கரிய பகுதி அதற்குப் பின்னால் இருக்கும் வேறு உறுப்பு. கருவிழி கருப்பாக இல்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மேலே படிப்பது எளிதாகும்.

இந்தப் படலத்தின் குறுக்களவு ஏறக்குறைய 11 முதல் 12 மி.மீ. நடுவில் அதன் தடிமன் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். சராசரியாக 540 மைக்ரான் எனலாம். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தது ஒரு மில்லிமீட்டர். இவ்வளவு மெல்லியதாக இருந்தும், கண்ணின் மொத்தப் பவரான ஏறக்குறைய 60 டயாப்டரில் (டயாப்டர் என்பது பவரை அளக்கும் அலகு) மூன்றில் இரண்டு பங்கை இதன் வளைவே தருகிறது. அதனால்தான் இதன் வளைவில் நேரும் சிறு மாற்றமும் பார்வையில் பெரிதாகத் தெரிகிறது. படலம் தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக இயற்கை இதில் இரத்தக்குழாய்களை வைக்கவில்லை. தனக்கு வேண்டிய பிராணவாயுவில் பெரும்பகுதியை இது வெளிக்காற்றிலிருந்து, கண்ணீர்ப் படலத்தின் வழியாகப் பெறுகிறது. காண்டாக்ட் லென்ஸ் அணிவது என்பது இந்த மூச்சுவழியின் மேல் ஒரு மூடியை வைப்பதற்குச் சமம். லென்ஸுக்குச் சொல்லும் விதிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்திலிருந்து கிளைத்தவை.

முதலில் பவர். கண்ணாடி, கருவிழியிலிருந்து ஏறக்குறைய 12 மி.மீ. தள்ளி நிற்கிறது. லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே கண்ணீரைத் தவிர வேறு இடைவெளி இல்லை. பவர் குறைவாக இருந்தால் இந்த வேறுபாடு பொருட்டில்லை. 4 டயாப்டரைத் தாண்டியதும் கணக்கில் வந்துவிடும். கண்ணாடியில் மைனஸ் 6 அணிபவருக்கு லென்ஸில் மைனஸ் 5.50 போதும், மைனஸ் 10 அணிபவருக்கு மைனஸ் 9 போதும். பிளஸ் பவர் உடையவர்களுக்கு இது தலைகீழாகி, லென்ஸின் பவர் கண்ணாடியைவிடக் கூடும். சீட்டில் உள்ள எண்ணை அப்படியே சொல்லி இணையத்தில் லென்ஸ் வாங்கியவர்கள், பார்வை தெளிவாக இருந்தும் மாலையில் கண் வலிக்கிறது, தலை கனக்கிறது என்று சொல்வதற்கு இந்தக் கூடுதல் பவர் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

அடுத்தது வளைவு. மோவாயைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்தி, ஒளிரும் வளையத்தைப் பார்க்கச் சொல்லும் கருவி கருவிழியின் வளைவை அளக்கிறது. வளைவின் ஆரம் 7.8 மி.மீ. என்றால் அது ஏறக்குறைய 43 டயாப்டருக்குச் சமம். பெரும்பாலோரின் அளவு இதையொட்டியே இருக்கும். சாஃப்ட் லென்ஸ் உறையில் 8.4 அல்லது 8.6 என்றும், பக்கத்தில் 14.0 அல்லது 14.2 என்றும் அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். முதல் எண் லென்ஸின் உட்புற வளைவு, இரண்டாவது அதன் குறுக்களவு. லென்ஸ் கருவிழியைவிடப் பெரிதாக இருப்பதைக் கவனியுங்கள். சாஃப்ட் லென்ஸ் கருவிழியை முழுவதும் மூடி, வெள்ளைவிழியின் மேலும் சிறிது படிந்துதான் அமரும்.

கருவி தரும் எண்களோடு பொருத்துவோர் நின்றுவிடுவதில்லை. மாதிரி லென்ஸ் ஒன்றைக் கண்ணில் வைத்து, கால் மணி முதல் அரை மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, பிறகு ஸ்லிட் லாம்ப் எனும் உருப்பெருக்கியில் பார்க்கிறார்கள். கண் சிமிட்டும்போது லென்ஸ் மிகச் சிறிதளவு, கால் அல்லது அரை மில்லிமீட்டர், மேலே போய்த் திரும்ப வேண்டும். அந்த அசைவினால்தான் லென்ஸுக்கு அடியில் புதிய கண்ணீர் வந்து பழையது வெளியேறுகிறது. தளர்ந்த லென்ஸ் ஒவ்வொரு சிமிட்டலுக்கும் நழுவி உறுத்தும். அணிந்தவரே குறை சொல்லிவிடுவார். இறுகிய லென்ஸ் அப்படிக் காட்டிக்கொடுக்காது. அசையாமல் ஒட்டிக்கொண்டிருப்பதால் முதல் ஒரு மணி நேரம் சுகமாகவே இருக்கும். மாலையாகும்போது கண் சிவக்கும், கழற்றிய பிறகு வெள்ளைவிழியில் வட்டமாக ஒரு தடம் தெரியும். ஆகவே மாதிரியை வைத்தவுடனே "நன்றாக இருக்கிறது, இதையே கொடுங்கள்" என்று எழுந்துவிடுபவரைப் பொருத்துவோர் மறுபடி உட்காரச் சொன்னால், கம்பம்மெட்டுக்குப் போகும் கடைசி வண்டியை நினைத்துக்கொண்டு கோபப்பட வேண்டாம்.

சீட்டில் சிலிண்டர் பவர், அதாவது கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இல்லாததைச் சரிசெய்யும் பவர், கூடுதலாக உள்ளவர்களுக்கு டோரிக் லென்ஸ் தருகிறார்கள். அது கண்ணில் சுழலாமல் ஒரே திசையில் நிற்க வேண்டும். அதற்காகவே லென்ஸின் விளிம்பில் சிறு கோடுகள் போட்டிருக்கும். அவை இருக்க வேண்டிய இடத்தில் நிற்கின்றனவா என்று பார்த்து அச்சைத் திருத்துவார்கள்.

கெட்டியான, வாயு ஊடுருவக்கூடிய லென்ஸ் வேறு வகை. நம் ஊர்களில் இதைச் செமி சாஃப்ட் என்பார்கள். குறுக்களவு 9 அல்லது 10 மி.மீ.தான், கருவிழிக்குள்ளேயே அடங்கிவிடும். இதைப் பொருத்தும்போது ஃப்ளோரசின் என்ற மஞ்சள் சாயத்தைக் கண்ணில் தொட்டு, நீல ஒளியில் பார்க்கிறார்கள். கண்ணீர் தேங்கிய இடம் பச்சையாக ஒளிரும். லென்ஸ் கருவிழியைத் தொடும் இடம் இருண்டிருக்கும். தைத்த சட்டையை அணியவைத்து எங்கே பிடிக்கிறது, எங்கே தொங்குகிறது என்று தையற்காரர் பார்ப்பது போன்றது இது. இந்தச் சாயத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. சற்று நேரத்தில் கண்ணீரோடு போய்விடும், கைக்குட்டையில் மட்டும் கறை நிற்கும். சாஃப்ட் லென்ஸ் இந்தச் சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் சாயம் இருக்கும்போது அதை அணிவதில்லை.

கெட்டி லென்ஸின் அருமை கூம்புக் கருவிழி உள்ளவர்களிடம் தெரியும். பெரும்பாலும் பதின்பருவத்தில் தொடங்கும் இந்தக் குறையில் கருவிழி மெலிந்து முன்னோக்கிக் கூம்பிக்கொண்டே போகும். ஓயாமல் கண்ணைக் கசக்கும் பழக்கம் அதை வளர்க்கும். கண்ணாடியை எத்தனை முறை மாற்றினாலும் எழுத்துகள் நிழலாடும். கெட்டி லென்ஸை வைத்ததும் அதற்கும் கருவிழிக்கும் இடையிலான மேடுபள்ளங்களைக் கண்ணீர் நிரப்பிச் சமமாக்கிவிடுவதால், அதே கண் பலகையின் கீழ்வரிசைகளையும் படிக்கும். கூம்பு முற்றியவர்களுக்கு ஸ்கிளீரல் லென்ஸ் உண்டு. அது கருவிழியைத் தொடாமல் வெள்ளைவிழியின் மேல் ஊன்றி நிற்கும். உள்ளே கிருமி நீக்கிய உப்புநீரை நிரப்பி அணிய வேண்டும். 1888ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அடோல்ஃப் ஃபிக் விவரித்த லென்ஸும் வெள்ளைவிழியில் ஊன்றிய கண்ணாடிக் கிண்ணமே. இன்று நாம் அணியும் மென்மையான லென்ஸ் வர 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே, குழந்தைகளின் விளையாட்டுக் கட்டுமானத் துண்டுகளைக்கொண்டு தம் வீட்டிலேயே செய்த எந்திரத்தில் அதை வார்த்தெடுத்தார்.

லென்ஸ் மட்டும் கூம்பு வளர்வதை நிறுத்தாது. அதற்கு ரிபோஃபிளேவின் என்ற வைட்டமின் சொட்டுகளை விட்டு, அளவோடு புற ஊதா ஒளியைப் பாய்ச்சி, கருவிழியின் இழைகளுக்கிடையே பிணைப்பைக் கூட்டும் கிராஸ்லிங்கிங் சிகிச்சை இருக்கிறது. அதன் தொடக்க முறையில் சொட்டுக்கு அரை மணி, ஒளிக்கு அரை மணி ஆகும். நோக்கம் கூம்பை மேலும் வளராமல் நிறுத்துவது. கண்ணாடியைக் கழற்றுவதற்கான சிகிச்சையாக இதை எண்ணிச் செல்பவர்கள் ஏமாற்றத்தோடு திரும்புவார்கள்.

பொருத்திய லென்ஸைக் கையில் கொடுப்பதற்கு முன்னால், அணியவும் கழற்றவும் உங்களையே செய்யச் சொல்லிப் பழக்குவார்கள். இந்தப் பாடத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கையைச் சோப்பால் கழுவி, பஞ்சு ஒட்டாத துணியில் துடைத்து, ஈரமே இல்லாத விரலால் லென்ஸைத் தொட வேண்டும். குழாய்த் தண்ணீர் தெளிவாக இருந்தாலும், மலையிலிருந்து வரும் ஓடைநீராக இருந்தாலும், லென்ஸில் படக் கூடாது. தண்ணீரில் வாழும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் லென்ஸுக்கும் கருவிழிக்கும் இடையே இடம் பிடித்துவிட்டால், அது தரும் புண் கடுமையான வலியோடு மாதக்கணக்கில் நீடிக்கும். சுருளி அருவியில் குளிக்கப் போகிறவர் லென்ஸைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். நழுவி விழுந்ததை எச்சில் தொட்டு மறுபடி மாட்டிக்கொள்ளும் வழக்கமும் கூடவே கூடாது. டப்பாவிலுள்ள திரவத்தை அன்றாடம் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். பழையதன் மேல் நிரப்புவது பழைய கஞ்சியில் புதுப்பால் ஊற்றுவது போல. டப்பாவையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். தூக்கம் எல்லாவற்றையும்விட முக்கியம். மூடிய இமைக்குள் கருவிழிக்கு ஏற்கெனவே காற்று குறைவு. அதன் மேல் லென்ஸும் இருந்தால் கிருமித் தொற்றின் வாய்ப்புப் பலமடங்கு உயர்கிறது. இரவுப் பேருந்தில் சென்னைக்குப் போகும்போது அணிந்தபடியே தூங்கிவிட்டேன் என்று சொல்வோர் மிகப் பலர்.

நம் பகுதிக்கென்று சில சொல்ல வேண்டும். விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு, மருந்தடிக்கும் நாளில் லென்ஸ் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தெளித்த மருந்தின் துளி லென்ஸுக்கடியில் தங்கினால் கண்ணீரால் கழுவி வெளியேற்ற முடியாது. இலை, உமி, சருகு பட்டுக் கருவிழியில் கீறல் விழுந்தால் அதில் பூஞ்சை பற்றும்; தென்னிந்திய விவசாயிகளிடம் இத்தகைய புண் அதிகம் காணப்படுகிறது என்பது கண் மருத்துவத்தில் நன்கு அறியப்பட்டது. அதற்குத் தாய்ப்பாலோ இலைச்சாறோ விடுவதும், மருந்துக் கடையில் சிவப்புக்கு என்று கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விடுவதும் நோயை உள்ளே இறக்கும். ஊரில் கண்ணில் பூ விழுந்துவிட்டது என்கிறோமே, அந்த வெண்தழும்புகளில் பல, சரியான நேரத்தில் சரியான சொட்டு கிடைத்திருந்தால் இவ்வளவு பெரிதாக ஆகியிருக்காது. லென்ஸ் அணிந்த கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால், அதைக் கழற்றி, டப்பாவோடு எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். டப்பாவை எடுத்துப்போகச் சொல்வது, அதிலிருந்தும் கிருமியைக் கண்டறியலாம் என்பதற்காக.

லென்ஸ் சலித்துப்போய் லேசருக்கு வருபவர்களிடம் மருத்துவமனை முதலில் சொல்வது, லென்ஸ் அணிவதை நிறுத்திவிட்டு வாருங்கள் என்பது. அன்றாடம் அமரும் லென்ஸ் கருவிழியைத் தன் வடிவத்துக்கு லேசாக அழுத்திவைத்திருக்கும். அதன் இயல்பான வடிவம் திரும்பச் சாஃப்ட் லென்ஸுக்கு ஒன்று முதல் இரண்டு வாரமும், கெட்டி லென்ஸுக்கு அதைவிட நீண்ட காலமும் ஆகும். அழுத்தம் நீங்காத கண்ணை அளந்து செதுக்கினால், கண் பழைய நிலைக்குத் திரும்பிய பிறகு பவர் எஞ்சி நிற்கும். முந்தைய நாள்வரை அணிந்திருந்ததை மறைத்து, பரிசோதனையை முடித்துக்கொள்ள நினைப்பவர்கள் ஏமாற்றுவது தங்கள் கண்ணைத்தான்.

லேசரின் கதையில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்ற ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோருடன் எக்சைமர் லேசரை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1981 நவம்பரில், நன்றியறிதல் திருநாள் விருந்தில் மீந்த வான்கோழியின் எலும்பும் தசையும் கலந்த துண்டைக் கொண்டுவந்து அதன் மேல் கதிரைச் செலுத்தினார்கள். சுற்றிலும் கருகாமல், கதிர் பட்ட இடம் மட்டும் சுத்தமாக அகன்றிருந்தது. 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்தப் புற ஊதாக் கதிர் திசுவின் மூலக்கூறுகளை உடைத்துவிடுகிறது. வெப்பம் அருகில் பரவ நேரமில்லை. கருவிழியைச் செதுக்க இதைவிடப் பொருத்தமான உளி வேறு இல்லை என்பது கண் மருத்துவர்களுக்குச் சில ஆண்டுகளில் விளங்கிவிட்டது.

லேசிக் முறையில் முதலில் கருவிழியின் மேல் 100 முதல் 120 மைக்ரான் தடிமனில் கதவுபோல் ஒரு மெல்லிய மடல் வெட்டித் திறக்கிறார்கள். அடியில் உள்ள பகுதியைக் கதிரால் செதுக்கியபின் மடலைத் திரும்ப மூடுகிறார்கள். தையல் இல்லை. மயக்கச் சொட்டு மட்டுமே. கண்ணை அசையாமல் பிடிக்கும் வளையம் அழுத்தும்போது சில நொடிகள் பார்வை மங்கும், முடி கருகுவது போன்ற வாடை வரும். இரண்டும் எதிர்பார்க்கப்பட்டவையே. இங்கே முக்கியமான கணக்கு தடிமனைப் பற்றியது. ஒரு டயாப்டரைக் குறைக்கச் செதுக்கும் அகலத்தைப் பொறுத்து ஏறக்குறைய 12 முதல் 15 மைக்ரான் திசு போகும். நடுவாக 14 என்று வைத்துக்கொள்வோம். 540 மைக்ரான் தடிமனும் மைனஸ் 6 பவரும் உள்ளவருக்கு, மடலுக்கு 110, செதுக்க 84 போக 346 மிஞ்சும். 480 மைக்ரானும் மைனஸ் 8 பவரும் உள்ளவருக்கு அதே கணக்கில் 258தான் மிஞ்சும். அடியில் குறைந்தது 250 மைக்ரானாவது இருக்க வேண்டும் என்பது பழைய விதி. இன்று பல மருத்துவர்கள் 300 வேண்டும் என்கிறார்கள். மிஞ்சுவது போதாவிட்டால், கண்ணின் உள் அழுத்தத்தைத் தாங்கமாட்டாமல் கருவிழி பின்னாளில் கூம்பத் தொடங்கலாம். ஒருவருக்கு மைனஸ் 8 ஆனாலும் செய்தார்கள், எனக்கு மைனஸ் 5க்கே மறுக்கிறார்கள் என்று வருந்துபவர் கேட்க வேண்டியது தம் கருவிழியின் தடிமனையும், அதன் மேடுபள்ளங்களைக் காட்டும் வண்ணப் படத்தையும் பற்றி. கூம்புக் கருவிழியின் சாயல் அந்தப் படத்தில் தெரிந்தால் நல்ல மருத்துவர் மறுத்துவிடுவார். பதினெட்டு வயது நிரம்பாதவர்கள், ஓராண்டாகப் பவர் நிலைக்காதவர்கள், கருவுற்றோர், பாலூட்டுவோர் ஆகியோரையும் காத்திருக்கச் சொல்வார்கள்.

தடிமன் குறைந்தவர்களுக்கு மடல் வெட்டாமல் மேல்தோலை மட்டும் நீக்கிச் செதுக்கும் பி.ஆர்.கே. முறை உண்டு. தோல் மூடும் வரை, ஏறக்குறைய மூன்று முதல் ஐந்து நாட்கள், கண் எரியும். அதற்குக் கட்டாகக் கண்ணில் வைப்பது ஒரு காண்டாக்ட் லென்ஸ்தான். ஸ்மைல் முறையில் உள்ளுக்குள்ளேயே ஒரு சிறு வில்லையை லேசரால் வெட்டி, குறுகிய துளை வழியே உருவி எடுக்கிறார்கள். பவர் மிகக் கூடியவர்களுக்குக் கருவிழியைத் தொடாமல், கண்ணின் இயற்கை லென்ஸுக்கு முன்னால் ஒரு லென்ஸை வைக்கலாம். எதைச் செய்துகொண்டாலும் முதல் சில வாரங்கள் கண்ணைக் கசக்கக் கூடாது, தண்ணீர் உள்ளே போகக் கூடாது. ஆனி, ஆடியில் கம்பம் பள்ளத்தாக்கில் வீசும் காற்றையும் அது வாரிவரும் புழுதியையும் அறிந்தவர்கள் நாள் குறிக்கும்போதே அதை எண்ணிப்பார்ப்பது நல்லது.

லேசர் செய்துகொண்டவருக்கும் நாற்பதை ஒட்டி வெள்ளெழுத்து வரும். எல்லைக்கு இருபுறமும் ஒரே சொல்லால் வழங்கும் இந்தக் குறை கண்ணின் உள்லென்ஸ் நெகிழ்ச்சியை இழப்பதால் வருவது. கருவிழியைச் செதுக்கியதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அதே உள்லென்ஸ் பின்னர் மங்கினால் அது புரை. லண்டனில் ஹரால்டு ரிட்லி 1949இல் முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸை வைத்தார். போர் விமானிகளின் கண்ணில் தெறித்த பிளாஸ்டிக் துண்டுகள் பெரிய கேடு செய்யாமல் தங்கியிருந்ததைக் கண்டு அவருக்குத் தோன்றிய எண்ணம் அது. டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை 1985இல் தேனிக்கு வந்தது. 1992இல் அதன் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் இந்த லென்ஸை உள்நாட்டிலேயே செய்யத் தொடங்கியபின் அது ஏழைகளுக்கும் எட்டியது. வைக்க வேண்டிய பவரைக் கணிக்கக் கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளக்கிறார்கள். நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் பவரில் இரண்டரை டயாப்டருக்கு மேல் தவறும். காண்டாக்ட் லென்ஸ் அணிபவர் இந்த அளவுக்கு முன்னும் அதை நிறுத்தியிருக்க வேண்டும்.

இளமையில் லேசர் செய்துகொண்டவருக்கு அறுபதில் புரை வந்தால் இந்தக் கணக்கு சிக்கலாகிவிடும். செதுக்கிய கருவிழியைக் கருவி சரியாக அளக்காது. பவர் குறைவாக வைத்துவிட வாய்ப்புண்டு. புதிய சூத்திரங்கள் உதவுகின்றன என்றாலும், பழைய அளவுகள் கையில் இருந்தால் மருத்துவரின் வேலை பெரிதும் எளிதாகும். கோட்டயத்தில் செய்துகொண்டு தேனியில் காட்டுபவர்களும், கோவையில் செய்துகொண்டு கட்டப்பனையில் குடியேறியவர்களும் நம்மிடையே பலர். ஆகவே சிகிச்சைக்கு முந்தைய கண்ணாடிப் பவர், கருவிழியின் வளைவு, தடிமன், வண்ணப் படம், செதுக்கிய அளவு ஆகியவை உள்ள தாளைக் கேட்டு வாங்கி, ரேஷன் அட்டையோடும் நிலப்பத்திரத்தோடும் வைக்கும் அதே உறையில் வைத்துவிடுங்கள்.